குதிரையிடம் மறைக்க முடியாத பயம்

குதிரை ஏறப் பயமாக இருக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான். "பயப்படாதே, பயந்தால் குதிரைக்குத் தெரிந்துவிடும்." நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டதும், இருக்கிற பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கீழே விழுந்துவிடுவேனோ என்று மட்டும் கவலைப்பட்டவருக்கு, தன் பயமே தன்னைத் தள்ளிவிடுமோ என்ற கவலையும் வந்துவிடுகிறது.

ஒரு வாரக் குதிரையேற்ற முகாமுக்கு வரச்சொல்லித் தோழி கூப்பிட்ட நாளிலிருந்து இந்த வாக்கியம் என்னை விடவில்லை. அவள் சிறு வயதிலிருந்தே சவாரி செய்கிறவள். எனக்கு நாற்பது நெருங்குகிறது, குதிரைமேல் உட்கார்ந்ததே இல்லை. ஆசை நிறையவே உண்டு. எங்கே குதிரையைக் கண்டாலும் நின்று பார்ப்பேன். அதன் மூச்சுச் சத்தம் கேட்கிற தூரம்வரை போவேன். அதற்குமேல் கால் நகராது. முகாமுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்குப் பல வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் படித்ததையும் கேட்டதையும் நேரில் போய்ப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். என்னைப் போல ஆசையும் பயமும் சம அளவில் உள்ள பெரியவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள்.

முதலில் அந்த வாக்கியம் உண்மைதானா என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். உண்மைதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கூட்டல் கழித்தல் கேட்டால் குளம்பால் தரையைத் தட்டிச் சரியான விடை சொல்லும். அதன் உரிமையாளர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் ஒரு கணித ஆசிரியர். குதிரைக்குத் தானே கணக்குச் சொல்லிக்கொடுத்ததாக அவர் மனதார நம்பினார். 1904-ல் ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று சொல்லிப் போனது. அப்புறம் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் பொறுமையாகச் சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை. கேட்பவர் குதிரையின் கண்ணில் படாமல் நின்றாலும் அதே கதை. தட்டல் சரியான எண்ணைத் தொடும்போது கேட்பவரின் தலையும் உடம்பும் தன்னையறியாமல் மிகமிகச் சிறிதாக அசைகின்றன, முகத்தின் இறுக்கம் விடுபடுகிறது. குதிரை படித்தது அதைத்தான். 1907-ல் ஃபுங்ஸ்ட் இதை வெளியிட்டார். இந்தக் கதையில் என்னை உலுக்கிய இடம் இதற்கு அடுத்தது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகும் ஃபுங்ஸ்டால் அந்த அசைவுகளைத் தன் உடம்பில் அடக்க முடியவில்லை. என்ன செய்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்திருந்தும் அவர் உடம்பு குதிரையிடம் விடையைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

இன்னொரு ஆய்வு நம் காலத்தது. ஸ்வீடனில் நடந்தது, 2009-ல் வெளியானது. சிலரைக் குதிரையை நடத்திக்கொண்டோ சவாரி செய்தோ ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பலமுறை போகச் சொன்னார்கள். கடைசி முறை மட்டும், "நீங்கள் கடக்கும்போது ஒரு குடை திடீரென்று விரியும்" என்று அவர்களிடம் சொல்லிவைத்தார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் மனிதரின் இதயத் துடிப்பு ஏறியது, கூடவே குதிரையின் துடிப்பும் ஏறியது. நடக்கப்போவதாக ஒருவர் மனதில் நினைத்த விஷயம், கயிறு வழியாகவோ சேணம் வழியாகவோ குதிரையின் நெஞ்சுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆக, குதிரைக்குத் தெரியும். அதை மாற்ற முடியாது. அப்படியென்றால் "பயப்படாதே" என்ற அறிவுரையால் எனக்கு ஒரு பயனும் இல்லை. பயத்தை விட்டொழித்துவிட்டுத்தான் போக வேண்டுமென்றால் நான் என்றைக்குமே போகப்போவதில்லை. மறைத்துக்கொண்டு போகலாமென்றால், யாரிடம் மறைக்க வேண்டுமோ அதனிடம்தான் மறைக்கவே முடியாது. மிச்சமிருப்பது ஒரே வழி. பயத்தை வெளியே சொல்லிக்கொண்டே பழகக்கூடிய இடமாகப் பார்த்துப் போக வேண்டும். அதனால் "எனக்குத் தைரியம் இருக்கிறதா" என்று என்னையே கேட்டுக்கொண்டிருப்பதை நிறுத்தினேன். பயந்தவருக்கு எந்த முகாமில் இடம் இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன். முடிவெடுப்பது அங்கிருந்துதான் எளிதாயிற்று.

முதலில் பேசிய முகாமில் என் தயக்கத்தைச் சொன்னதும் சிரித்தார்கள். முதல் நாளே ட்ராட் ஓட்டிவிடுவோம், மூன்றாம் நாள் காட்டுப்பாதை, பயமெல்லாம் தன்னால் ஓடிவிடும் என்றார்கள். உற்சாகம் தருவதற்காகச் சொன்னதுதான். ஆனால் எனக்கு அது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிற காரியமாகப் பட்டது. ட்ராட் என்பது மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழும் துள்ளல் ஓட்டம். வேகம் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். கேட்க அதிகமாகத் தோன்றாது. பழகாத ஒருவரை அது ஒவ்வொரு தப்படிக்கும் சேணத்திலிருந்து தூக்கிப் போடும். நாலு கால்களும் ஒவ்வொன்றாக விழுகிற நடையிலேயே உடம்பு ஒத்துப்போகாத ஒருவரை முதல் நாளே அதில் ஏற்றுவதை நான் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன், அவசரம் என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது முகாமில் பேசிய பயிற்சியாளர், நான் கேட்பதற்கு முன் அவரே கேட்கத் தொடங்கினார். உங்கள் எடை என்ன, முதுகிலோ இடுப்பிலோ பழைய அடி ஏதாவது உண்டா, நாய் மாடு போன்ற விலங்குகளோடு பழக்கம் உண்டா. எடையைக் கேட்பது குதிரைக்காக. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்கும் கீழேயே நிறுத்திக்கொள்ளும் லாயங்களும் உண்டு. கடைசியாக அவர் கேட்ட கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"சரி, பயமா இருக்குன்னு சொல்றீங்க. அதுல எது பயம்?"

உடனே பதில் வரவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னேன். உயரம் இல்லை, வேகமும் இல்லை. இறங்க வேண்டும் என்று தோன்றும்போது இறங்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான். வண்டி என்றால் பிரேக் என் காலடியில் இருக்கிறது. இதுவோ தனக்கென்று ஒரு மனம் உள்ள 500 கிலோ உயிர். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். "அப்ப முதல் நாள் உங்களுக்கு அதுதான் பாடம். நிக்கிற குதிரைமேல ஏறுங்க, இறங்குங்க, திரும்ப ஏறுங்க, இறங்குங்க. நடக்கறதே மறுநாள்தான்."

ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றும் சொன்னார். போனேன். என் மனம் திரும்பியது லாயத்தில் கழித்த அந்தப் பொழுதில்தான்.

அவர் என்னை ஒரு வயதான பெட்டைக் குதிரையிடம் அழைத்துப் போனார். புதிதாகப் பழகுகிறவர்களைச் சுமந்தே பல வருடம் ஆன குதிரை. நேர் எதிரேயும் போகாதீர்கள், பின்னாலும் போகாதீர்கள், தோள்பக்கமாகப் பேசிக்கொண்டே போங்கள் என்றார். காரணமும் சொன்னார். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை அதன் பார்வைக்குள் வந்துவிடும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும்தான் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து திடீரென்று எதுவும் வந்தால் அது முதலில் உதைக்கும் அல்லது ஓடும், அப்புறம்தான் வந்தது யார் என்று பார்க்கும். புல்வெளியில் வேட்டை விலங்குகள் துரத்த, ஓடியே பிழைத்த இனம் அது. ஒரு குதிரை தலையைத் தூக்கினால் மந்தையே தலையைத் தூக்கும். பக்கத்தில் இருப்பவரின் பயத்தைப் படிப்பதுதான் அதன் உயிர்க்காப்பு. பயந்த மனிதர் பக்கத்தில் நிற்கும்போது குதிரை அவரை ஏளனமாக நினைப்பதில்லை, ஏமாற்றப் பார்ப்பதும் இல்லை. "எங்கே ஆபத்து? எனக்குத் தெரியாதது ஏதாவது உனக்குத் தெரிகிறதா?" என்று தேடுகிறது. இதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ இளகியது. இத்தனை நாள் என் பயத்தை மோப்பம் பிடித்து எனக்கு எதிராகத் திரும்பும் ஒன்றாகத்தான் அதை நினைத்திருந்தேன். அதுவும் என்னைப் போலவே பயந்த சுபாவம் உள்ள உயிர் என்று தோன்றவே இல்லை.

இன்னொன்றும் அன்றைக்குப் புரிந்தது. குதிரையும் எதையும் மறைப்பதில்லை. காதுகள் முன்னோக்கி நிமிர்ந்தால் அங்கே எதையோ கவனிக்கிறது. ஒரு காது மட்டும் நம் பக்கம் திரும்பினால் நாம் பேசுவதைக் கேட்கிறது. இரண்டு காதும் பின்னால் படிந்து ஒட்டிக்கொண்டால் கோபம், தள்ளி நிற்க வேண்டும். வால் விறுவிறுவென்று அடித்தால் எரிச்சல், கண்ணின் வெள்ளை தெரிந்து மூக்குத் துவாரம் விரிந்தால் கலவரம். கீழுதடு தளர்ந்து தொங்க, ஒரு பின்னங்காலை லேசாக மடக்கி நின்றால் நிம்மதியாக இருக்கிறது என்று பொருள். அந்தப் பெட்டை அப்படித்தான் நின்றிருந்தது. பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார்கள். கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து முதுகு என்று தேய்த்தேன். வயிற்றுப்பக்கம் போனபோது அது சடாரென்று தலையைத் திருப்பிப் பார்க்க, என் கை நின்றுவிட்டது. "அங்க கூச்சம் அதுக்கு. மெதுவா அழுத்தித் தேய்ங்க, தொட்டும் தொடாமலும் வேண்டாம்" என்றார். செய்தேன். தலை திரும்பவும் தாழ்ந்தது. என் இதயத் துடிப்பு குறைந்திருந்தது எனக்கே தெரிந்தது. சவாரி பழக நினைக்கிறவர்கள் ஏறுவதற்கு முன் இந்த வேலைக்கு நிறைய நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் மடித்துப் பிடிப்பது, கால் மிதிபடாத தூரத்தில் நிற்பது, குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்வது, இவையெல்லாம் தரையில் நின்றே கற்றுக்கொள்ள வேண்டியவை. பயம் தணிவதும் இங்கேதான் தொடங்குகிறது.

மேலே ஏறிய பிறகு பயம் என்ன செய்யும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பயந்த உடம்பு முன்னால் குனியும், தொடையும் முழங்காலும் குதிரையை இறுக்கும், கைகள் கடிவாள வாரை இழுக்கும், மூச்சு நிற்கும், கண் தரையைப் பார்க்கும். குதிரையின் மொழியில் காலால் அழுத்துவது "போ". வாரை இழுப்பது "நில்". இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பாவம் அது என்ன செய்யும்? குழம்பிப் போய் வேகமெடுக்கலாம், தலையை உதறலாம். அதைக் கண்டு இவர் இன்னும் இறுக்குவார். பயம் குதிரைக்குத் தெரிகிறது என்பதில் பெரும்பகுதி இதுதான். நல்ல செய்தி என்னவென்றால், மனதில் பயம் இருக்கும்போதே இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த முடியும். மூச்சை நீளமாக வெளியே விடலாம். குதிரையின் காதுகளுக்கு நடுவே தூரத்தைப் பார்க்கலாம். பிடிக்க ஏதாவது வேண்டுமென்றால் கடிவாளத்தை விட்டுவிட்டுப் பிடரி மயிரையோ கழுத்தில் கட்டிய வாரையோ பிடிக்கலாம். புதியவர்களுக்கென்றே அப்படியொரு வார் கட்டுவார்கள், அதைப் பிடிப்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

இறுக்கிப் பிடித்தால்தான் விழாமல் இருப்போம் என்ற எண்ணம் எனக்கு ஆழமாக இருந்தது. அதை அசைத்தது டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டலின் வாழ்க்கை. 1944-ல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே அவருக்குச் செயலற்றுப் போனது. குதிரைமேல் ஏறவும் இறங்கவும் மற்றவர்கள் உதவ வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் என்னும் குதிரை நயப் போட்டியில் பெண்கள் முதன்முறையாக ஆண்களோடு போட்டியிட்டபோது அவர் வெள்ளி வென்றார். 1956-லும் வென்றார். அவரோடு என்னை ஒப்பிடவில்லை. அவர் பிறவித் திறமைசாலி, போலியோவுக்கு முன்பே தேர்ந்த வீராங்கனை. ஆனால் முழங்காலுக்குக் கீழே வலுவே இல்லாமல் ஒருவர் அந்த உயரத்தை எட்டினார் என்றால், குதிரைமேல் நிலைத்திருப்பது கால்பிடியை நம்பி இல்லை, இடுப்பும் முதுகும் அதன் அசைவோடு சேர்ந்து போவதை நம்பித்தான் என்று எனக்கு விளங்கியது. நல்ல பயிற்சிக்கூடங்களில் இதைச் சொல்லித்தரும் முறையும் அழகாக இருக்கிறது. பயிற்சியாளர் வட்டத்தின் நடுவில் நின்று நீளக் கயிற்றில் குதிரையைச் சுற்றி நடத்துவார். போக்கும் நிறுத்தமும் அவர் கையில். மேலே இருப்பவர் கைகளை விரித்து, கண்ணை மூடி, உட்காருவதை மட்டும் பழகலாம். முகாமை விசாரிக்கும்போது இந்தக் கயிற்றுப் பயிற்சி எத்தனை நாள், ஒருவருக்குத் தனியாகவா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விழுவது இந்தக் கலையின் பகுதி, தலையில் அடிபடுவதுதான் பெரிய கவலை. குதிரையேற்றத்துக்கென்று செய்த ஹெல்மெட் வேண்டும், சைக்கிள் ஹெல்மெட் அதற்கு ஈடாகாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். முகாமில் இரவல் ஹெல்மெட் தருகிறார்கள் என்றால் அதன் வரலாற்றைக் கேட்கத் தயங்கக் கூடாது. சின்னக் குதிகால் உள்ள, அடிப்பாகம் வழவழப்பான காலணி போட வேண்டும். குதிகால் இல்லையென்றால் பாதம் அங்கவடிக்குள், அதாவது சேணத்தில் தொங்கும் கால்வளையத்துக்குள், நழுவிப் போய் மாட்டிக்கொள்ளும், விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். எலும்புத் தேய்மானம், முதுகெலும்புப் பிரச்சினை, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, கர்ப்பம், இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் ஏறவே கூடாது.

வாரம் ஒரு வகுப்புக்குப் போகலாமே, எதற்கு முகாம் என்றும் யோசித்தேன். பயந்தவர்களுக்கு வார வகுப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் தளர்கிற உடம்பு, அடுத்த ஏழு நாளில் மறுபடி இறுகிவிடும். முகாமில் காலையில் தளர்ந்தது மாலையிலும் நினைவிருக்கும். குதிரையோடு இருக்கும் நேரமும் சேணத்தில் மட்டும் கழிவதில்லை. தீனி வைப்பதிலும் தேய்ப்பதிலும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதிலும் போகும். ஆனால் முகாமுக்கும் குறைகள் உண்டு. பழக்கமில்லாத உள்தொடைத் தசைகளின் வலி இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். முகாமும் சரியாக அப்போதுதான் வேகமெடுக்கும். வலிக்கிற உடம்பு இறுகும், இறுகிய உடம்பைக் குதிரை படிக்கும். மூன்றாம் நாள் சவாரியைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று அந்தப் பயிற்சியாளரிடம் கேட்டேன். தினமும் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணிக்கு மேல் யாரையும் ஏற்றுவதில்லை, குதிரைக்கும் ஓய்வு வேண்டும் என்றார். குதிரையின் ஓய்வைப் பற்றிப் பேசும் இடத்தில் மனிதரின் ஓய்வையும் மதிப்பார்கள் என்று நம்புகிறேன்.

தசைவலியைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது கூட வருபவர்களின் வேகம். எல்லோரும் ட்ராட்டைவிட வேகமான கேன்டர் ஓட்டத்துக்குப் போகும்போது நாம் மட்டும் நடையிலேயே இருந்தால், வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. பயத்தை விழுங்கிக்கொண்டு பின்னால் போவோம். விழுங்கிய பயம் நேராகக் குதிரையிடம் போய்ச் சேரும். இதைத் தோழியிடம் வெளிப்படையாகப் பேசினேன். "நான் மெதுவாத்தான் வருவேன். நீ முன்னால போயிட்டு என்னை வா வான்னு கூப்பிடக் கூடாது." அவள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "சாயங்காலம் தேய்க்கிற வேலையை ரெண்டு பேரும் ஒண்ணா செய்யலாம்ல?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேறொருவர் மனம் நோகாமல் இருப்பதற்காக மட்டும் போகிறீர்கள் என்றால், போகாதீர்கள். குதிரைமேல் எனக்கு ஆசை இருக்கிறதா என்று தனியாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அதுவும் நல்ல பதில்தான். தரையில் நின்று குதிரையை நேசிப்பதில் ஒரு குறையும் இல்லை.

எனக்கு ஆசை இருக்கிறது. பதிவு செய்துவிட்டேன். விண்ணப்பத்தில் முன்னனுபவம் என்ற இடத்தில் "இல்லை, பயம் உண்டு, இறங்க முடியாமல் போகுமோ என்ற பயம்" என்று எழுதினேன். அந்தப் பெட்டையையே எனக்கு ஒதுக்கியிருப்பதாகப் பதில் வந்தது. முகாம் தொடங்கும்வரை தினமும் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிறேன். ட்ராட்டில் துள்ளலுக்கு ஏற்ப எழுந்து அமர்வதற்கு அது உதவும் என்றார்கள். ஒற்றைக்காலில் நிற்கிறேன், இடுப்பைத் தளர்த்தும் பயிற்சி செய்கிறேன், மூச்சை எண்ணி வெளியே விடுகிறேன்.

கடைசி நாள் எல்லோரும் வெளியே காட்டுப்பாதையில் சவாரி போகிறார்கள். அதற்கு வருகிறேனா என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை. அதற்கு முந்தின நாள் மாலை சொன்னால் போதுமாம். வரவில்லையென்றால் லாயத்தில் இருக்கும் குதிரைகளுக்கு வைக்கோல் போட ஒரு ஆள் தேவைப்படும் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார்.